வெளிநாட்டில் ரூம் போடும் முன்: அறுப்பு தள்ளிப்போனால் காசு யாருடையது?

(இது ஒலி எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஹோட்டல் ரூம் புக்கிங் பத்திப் பேசப் போறோம். "இதுல என்ன இருக்கு, போனை எடுத்தா ரெண்டு நிமிஷ வேலை"ன்னு நீங்க நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்த ரெண்டு நிமிஷத்துக்கு நான் கொடுத்த விலை 36,000 ரூபாய். அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன். மத்த எல்லாமே அதிலிருந்துதான் வருது.

எங்க ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் அதுவரை விமானம் ஏறியதில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர், மலேசியா என்று போயிருப்பார்கள். ஆனால் போனவர்கள் எல்லாம் வேலைக்குப் போனவர்கள். சுற்றிப் பார்க்கப் போனவர்கள் என்று தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். அம்மாவுக்கு ஒரே ஆசை, பத்துமலை முருகனைப் பார்க்கணும். 2023 டிசம்பர் 1-ல் இருந்து இந்தியர்களுக்கு மலேசியா போக விசா வேண்டாம் என்று ஆனதும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர்.

அப்பாவிடம் தேதி கேட்டேன். "தை கடைசிக்குள்ள சம்பா அறுப்பு முடிஞ்சிடும் தம்பி, மாசியில எப்ப வேணா போடு"ன்னார். பிப்ரவரி மூன்றாம் வாரம் என்று முடிவு செய்தேன். நாலு பேர், இரண்டு ரூம், நாலு இரவு. ஒரு விலை ஒப்பீட்டுத் தளத்தில் தேடினேன். ரத்து செய்தால் பணம் திரும்பும் ரூம் இரவுக்கு 5,000. பணம் திரும்பாத ரூம் 4,500, அதுவும் நான் பேரே கேள்விப்படாத ஒரு தளத்தில். மொத்தத்தில் 4,000 ரூபாய் மிச்சம். போட்டுவிட்டேன்.

அந்த வருஷம் அறுப்பு நேரத்தில் மழை வந்தது. பயிர் சாய்ந்தது. வயலில் தண்ணீர் நின்றதால் சாதா அறுப்பு மிஷின் இறங்கவில்லை. பெல்ட் மிஷினுக்கு ஊரே வரிசையில் நின்றது. ஒருவழியாக அறுத்துக் கொண்டுபோய் நேரடி கொள்முதல் நிலையத்தில் கொட்டினால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே. காய வைக்கணும், தார்ப்பாய் போட்டு மூடணும், மறுபடி திறந்து விடணும், நம்முடைய முறை வரும் வரை குவியலுக்குப் பக்கத்திலேயே படுக்கணும்.

நான் போன் பண்ணி "அப்பா, டிக்கெட் போட்டாச்சு"ன்னேன். அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "நெல்லைக் களத்துல கொட்டிட்டு எப்படி தம்பி பிளேன் ஏறுறது?"

பதில் இல்லை. விமான டிக்கெட்டைக் கட்டணம் கட்டித் தேதி மாற்ற முடிந்தது. ரூமுக்கு அதுவும் முடியவில்லை. தளத்தைக் கேட்டால் "ஹோட்டலின் விதி அது". ஹோட்டலுக்கு மெயில் போட்டால் "நீங்கள் எங்களிடம் நேரடியாக புக் செய்யவில்லை, விற்றவரைக் கேளுங்கள்". இரண்டு பக்கமும் முறைப்படி சரியாகத்தான் பேசினார்கள். விதியைப் படிக்காமல் பட்டனை அழுத்தியது நான். 36,000 ரூபாய் போனது.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். ரூம் புக் செய்வதில் "எது மலிவு?" என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி: தேதி மாறினால் நஷ்டம் யார் தலையில் விழும், அப்போது போனை எடுக்கப் போவது யார்? நாம எந்த வழியில் ரூம் போடுகிறோம் என்பதைப் பொறுத்து அந்தப் பதில் மாறும். வழி வழியாகப் பார்க்கலாம்.

முதல் வழி: புக்கிங் தளங்கள்

நம்மில் பெரும்பாலானோர் தொடங்கும் இடம் இதுதான். இதில் தப்பில்லை. முன்பின் தெரியாத ஊரில் எந்தப் பகுதியில் என்ன விலை, ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், பாத்ரூம் சுத்தமா என்றெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க இதைவிட வசதி கிடையாது.

ஆனால் சில விஷயங்கள் தெரிந்திருக்கணும். ஒன்று, நாலு தளம் பார்த்தோம் என்றால் நாலு கடை ஏறி இறங்கினோம் என்று அர்த்தம் இல்லை. புக்கிங் டாட் காமும் அகோடாவும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. எக்ஸ்பீடியாவும் ஹோட்டல்ஸ் டாட் காமும் ஒரே குழுமம். மேக்மைட்ரிப்பும் கோஐபிபோவும் ஒரே குழுமம். ஒப்பிடுவதென்றால் வேறு வேறு குழுமத்தில் ஒன்று, ஹோட்டலின் சொந்தத் தளம் ஒன்று என்று பாருங்க. அதுதான் உண்மையான ஒப்பீடு.

இரண்டு, ஒப்பீட்டுத் தளம் வேறு, விற்கும் தளம் வேறு. ஒப்பீட்டுத் தளம் நம்மைக் கையைப் பிடித்துக் கடை வாசலில் விட்டுவிட்டுப் போய்விடும். அங்கே விற்பவர் யார், அவருக்கு இந்தியாவில் ஒரு போன் நம்பராவது இருக்கிறதா என்று நாம்தான் பார்க்கணும். நான் அதைப் பார்க்கவில்லை.

மூன்று, "இன்னும் ஒரு ரூம்தான் பாக்கி", "இப்போது 14 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று சிவப்பு எழுத்தில் வரும். பாக்கி ஒரு ரூம் என்றால் அந்த ஹோட்டலிலேயே ஒன்றுதான் என்று பொருள் அல்ல. அந்தத் தளத்துக்கு ஒதுக்கியதில் ஒன்று என்பதாகவும் இருக்கலாம். இப்படி அவசரப்படுத்தி வாங்க வைப்பதற்கு நம் நாட்டிலேயே விதி இருக்கிறது. 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியல் போடுகின்றன. பொய்யான அவசரம் காட்டுவது அதில் ஒன்று. முதலில் குறைந்த விலை காட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கட்டணங்களைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதும் அதில் ஒன்று. அதனால் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் பதற வேண்டாம். கடைசிப் பக்கம் வரை போய், மொத்தத் தொகையைப் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு ஒரு காபி குடிச்சிட்டு வாங்க.

இரண்டாவது வழி: ஹோட்டலிலேயே நேரடியாக

தளங்கள் ஹோட்டலிடம் கமிஷன் வாங்குகின்றன. பொதுவாக 15 முதல் 20 சதவீதம். 5,000 ரூபாய் ரூமில் 750 முதல் 1,000 ரூபாய் வரை. அப்படியானால் நேரடியாகக் கேட்டால் ஹோட்டல் குறைத்துக் கொடுக்கலாமே? பல காலம் கொடுக்க முடியாமல் இருந்தது. காரணம், "எங்கள் தளத்தில் இருப்பதைவிடக் குறைந்த விலைக்கு வேறெங்கும் விற்கக் கூடாது" என்று தளங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடும்.

இது இந்தியாவில் வழக்காகவே வந்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. இந்த மாதிரி விலைக் கட்டுப்பாடுகளை ஒப்பந்தத்திலிருந்து எடுக்கும்படி மேக்மைட்ரிப்புக்கு உத்தரவும் போட்டது. ஐரோப்பாவிலும் 2024-ல் புக்கிங் டாட் காம் இந்த நிபந்தனையைக் கைவிட வேண்டி வந்தது.

நமக்கு இதில் என்ன பாடம்? தளத்தில் இருப்பதுதான் கடைசி விலை என்று நினைக்காதீங்க. ஹோட்டலுக்கு ஒரு மெயில் போடுங்க. விலையைக் குறைக்காவிட்டாலும் அவர்கள் கையில் வேறு பல விஷயங்கள் இருக்கின்றன. காலை உணவு சேர்க்கலாம். பக்கத்துப் பக்கத்து ரூம் கொடுக்கலாம். லிஃப்டுக்கு அருகில் கொடுக்கலாம். காலையில் சீக்கிரம் ரூமைத் திறந்து விடலாம். முழங்கால் வலி உள்ள அம்மாவைக் கூட்டிப் போகிறவனுக்கு 300 ரூபாய் தள்ளுபடியைவிட லிஃப்ட் பக்கத்து ரூம் பெரிசு.

எல்லாவற்றையும்விட முக்கியம், தேதி மாற்ற வேண்டி வந்தால் நடுவில் ஆள் இல்லை. மெயில் போடுகிறோம், அந்தப் பக்கம் இருக்கிற மேனேஜர் முடிவெடுக்கிறார். அவருக்கு மனசு இருந்தால் விதியைத் தளர்த்த அதிகாரமும் இருக்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. ஹோட்டல் நம்பரைத் தேடும்போது முதலில் வருவதை அப்படியே நம்பாதீங்க. விளம்பரமாக வரும் போலித் தளங்கள் உண்டு. ஹோட்டலின் சொந்த முகவரியைச் சரிபார்த்துப் பேசுங்க. அதேபோல் புக்கிங் முடிந்த பிறகு "உங்கள் கார்டைச் சரிபார்க்க இந்த லிங்கை அழுத்தவும்" என்று செய்தி வந்தால் அழுத்தவே அழுத்தாதீங்க. சில சமயம் புக்கிங் செயலியின் மெசேஜ் பெட்டிக்குள்ளேயே, ஹோட்டலின் பெயரிலேயே, உங்கள் சரியான தேதியோடு வரும். ஹோட்டலின் கணக்கை யாரோ களவாடி அனுப்புவது. ஹோட்டலுக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டு முடிவெடுங்க.

மூன்றாவது வழி: ஊர் ஏஜென்ட்

"ஏஜென்டா? இந்தக் காலத்திலயா?"ன்னு சென்னை நண்பர்கள் கேட்பாங்க. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை எங்கே போனாலும் டிராவல்ஸ் கடைகள் இன்னும் ஓடுகின்றன. காரணம் இருக்கிறது. பிரச்சினை வந்தால் கடைக்குப் போய் நேரில் உட்கார்ந்து கேட்கலாம். வயதானவர்கள் மட்டும் போகும் பயணம், விசா வேண்டிய நாடு, குழுவாகப் போவது போன்றவற்றுக்கு நல்ல ஏஜென்ட் சொத்து மாதிரி.

ஆனால் அவர் எப்படி ரூம் வாங்குகிறார் என்று தெரிந்துகொள்ளணும். பெரும்பாலும் ஏஜென்ட் ஹோட்டலிடம் நேராக வாங்குவதில்லை. ரூம்களை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்திடம் வாங்குவார். அந்த நிறுவனம் இன்னொன்றிடம் வாங்கியிருக்கலாம். நம் நெல் வயலில் இருந்து சென்னை மளிகைக் கடைக்குப் போகும் வரை எத்தனை கை மாறுதோ, அதே மாதிரி. கை கூடக்கூட, நம் பெயர் ஹோட்டல் கம்ப்யூட்டரில் சரியாக ஏறியிருக்கிறதா என்ற சந்தேகமும் கூடும். அதனால் ஏஜென்ட் கொடுக்கும் வவுச்சரோடு நிற்காமல் ஹோட்டலின் உறுதி எண்ணைக் கேட்டு வாங்குங்க. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஹோட்டலுக்கே மெயில் போட்டு, "இந்தப் பெயரில், இந்தத் தேதியில் ரூம் இருக்கிறதா, பணம் கட்டியாயிற்றா?"ன்னு கேளுங்க.

வரியும் ஒன்று உண்டு. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு ஏஜென்ட் டி.சி.எஸ். என்ற வரியைப் பிடிப்பார். டிக்கெட் மட்டும் வாங்கினாலோ ரூம் மட்டும் போட்டாலோ அது பேக்கேஜ் ஆகாது. டிக்கெட், ரூம், மற்ற செலவுகள் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்தால்தான் பேக்கேஜ். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால் வாங்கும் அன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்க. இது போன பணம் இல்லை. யாருடைய பான் எண்ணில் பிடித்தார்களோ அவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்ப வாங்கலாம். அதனால் கணக்கு தாக்கல் செய்கிறவர் பான் எண்ணைக் கொடுப்பது புத்திசாலித்தனம். அப்பாவுடையதைக் கொடுத்துவிட்டால் அந்தப் பணத்துக்காக அவர் ஒரு தாக்கல் செய்ய வேண்டி வரும்.

நான்காவது வழி: சொந்தக்காரர் வீடு, வாடகை வீடு

எங்கள் பக்கத்தில் இதுதான் முதல் வழி. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தலைமுறைக்கு ஹோட்டல் என்ற யோசனையே வந்திருக்காது. இறங்கினால் ஊர்க்காரர் இருப்பார். அதற்கும் முன்னே போனால், எங்கள் ஒரத்தநாட்டிலேயே 1802-ல் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. ராமேசுவரம் போகும் யாத்ரீகர்களுக்குச் சாப்பாடும் தங்க இடமும் கொடுத்த சத்திரம். வழிப்போக்கனுக்கு இடம் கொடுக்கும் பொறுப்பை ராஜாவோ ஊரோ ஏற்றுக்கொண்ட காலம் அது. இன்றைக்கு அந்தப் பொறுப்பு நம் தலையில்.

சிங்கப்பூரில் சொந்தக்காரர் வீவக வீட்டில் இருந்து, "வாங்க"ன்னு கூப்பிட்டால் தாராளமாகப் போகலாம். ஆனால் வேலை அனுமதியில் தொழிலாளர் விடுதியில் தங்கியிருக்கும் தம்பிகளிடம் "உன் ரூமில் ரெண்டு நாள் தங்கிக்கிறோம்"ன்னு கேட்காதீங்க. அங்கே வெளியாள் தங்க முடியாது. அவர்கள் இல்லை என்று சொல்லவும் சங்கடப்படுவார்கள்.

வாடகைக்கு எடுக்கும் வீடு பற்றி இளைஞர்கள் நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: சிங்கப்பூரில் குடியிருப்பு வீடுகளைச் சில நாள்களுக்கு வாடகைக்கு விடுவது சட்டப்படி கூடாது. தனியார் வீடு என்றால் குறைந்தது தொடர்ந்து மூன்று மாதம், வீவக வீடு என்றால் குறைந்தது ஆறு மாதம். இணையத்தில் மூன்று நாளுக்கு ஒரு ஃபிளாட் மலிவாகக் கிடைத்தால் சந்தோஷப்படாதீங்க. சட்டச் சிக்கல் வீட்டுக்காரருக்கு, ஆனால் பெட்டியோடு வெளியே நிற்பது நாம். கோலாலம்பூரில் இந்த மாதிரி ஃபிளாட்டுகள் நிறைய உண்டு. அங்கேயும் வரவேற்பு மேசை இருக்காது, சாவி ஒரு பூட்டுப் பெட்டியில் இருக்கும், ரகசிய எண் வாட்ஸ்அப்பில் வரும். நண்பர்களோடு போனால் ஜாலி. அப்பா அம்மாவோடு விடியற்காலை போனால் யோசிங்க.

நான்-ரீஃபண்டபிள் கணக்கு

இப்போது என் 36,000 ரூபாய்க்கு வருவோம். பணம் திரும்பாத ரூம் எப்போதுமே தப்பா? இல்லை. ஒரு சின்னக் கணக்கு போடலாம்.

திரும்பும் ரூம் 40,000, திரும்பாத ரூம் 36,000. இதே மாதிரிப் பத்துப் பயணம் போகிறீர்கள், அதில் ஒன்று ரத்தாகிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பும் வகையில் ஒன்பது பயணத்துக்கு மட்டும் செலவு, 3,60,000. திரும்பாத வகையில் பத்துக்கும் செலவு, அதுவும் 3,60,000. சரிசமம். ஆக, பத்து சதவீதம் தள்ளுபடி கொடுக்கும் ரூமுக்கு, பத்தில் ஒரு முறைக்கும் குறைவாகவே உங்கள் திட்டம் மாறும் என்றால் திரும்பாத வகை லாபம். அதற்கு மேல் மாறும் என்றால் திரும்பும் வகை லாபம்.

இனி உங்களையே கேட்டுக்கொள்ளுங்க. ஆபீஸில் லீவு எழுத்தில் உறுதியாகிவிட்டதா? விசா கையில் இருக்கிறதா? கூட வருகிறவர்களின் உடம்பு எப்படி? டெல்டாவில் வீடு இருக்கிறவர்களுக்கு இன்னொரு கேள்வி: வயலில் என்ன நிற்கிறது? மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதிலிருந்து குறுவை வேலை, பிறகு சம்பா, தாளடி, மார்கழி தாண்டி அறுப்பு, கொள்முதல். இந்தக் கணக்கில் தண்ணீரும் மழையும் நம் கையில் இல்லை. விவசாயக் குடும்பத்தில் பத்தில் ஒன்று இல்லை, மூன்றில் ஒரு முறை தேதி மாறினாலும் ஆச்சரியமில்லை. எனக்கு அது பிறந்ததிலிருந்து தெரியும். பட்டனை அழுத்தும்போது மட்டும் மறந்துவிட்டது.

நம் ஊரிலிருந்தே இன்னொரு உதாரணம். டெல்டாக்காரர்களுக்கு மிகப் பக்கத்து வெளிநாடு யாழ்ப்பாணம். நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் சேவை 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, சில நாள்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. கடல் சரியில்லை என்றால் கப்பல் கிளம்பாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேவையே நிற்கும். அப்படிப்பட்ட பயணத்துக்குப் பணம் திரும்பாத ரூம் போடுவது காற்றோடு பந்தயம் கட்டுவது மாதிரி. அங்கே சின்ன விருந்தினர் இல்லங்கள் பலவற்றில் நேராகப் பேசியே ரூம் சொல்லிவைக்கலாம், பேசுவதும் தமிழில்தான். கப்பல் வராவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்க. ஆனால் நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாள்களில் ரூம் கிடைப்பது கஷ்டம். அப்போது முன்பே போட்டே ஆகணும், ரத்து வசதியோடு.

ரத்து வசதியிலும் ஒரு கண்ணி உண்டு. "குறிப்பிட்ட தேதி இரவு 11.59 வரை இலவச ரத்து" என்று இருக்கும். அந்த 11.59 பெரும்பாலும் ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரம். கோலாலம்பூரில் 11.59 என்றால் தஞ்சாவூரில் இரவு 9.29. சாப்பிட்டுவிட்டு ரத்து செய்யலாம் என்று உட்கார்ந்தால் நேரம் போயிருக்கும். அதற்கு ஒரு நாள் முன்பே போனில் அலாரம் வைங்க.

பணம் கட்டும்போது

கார்டு விஷயத்தில் நாலு குறிப்பு. ஒன்று, 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வரும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நாம்தான் இயக்கணும், வரம்பும் வைக்கணும். இதை ஊரிலேயே செய்துவிடுங்க. கோலாலம்பூர் கவுண்டரில் நின்றுகொண்டு ஓ.டி.பி.-க்குக் காத்திருக்காதீங்க.

இரண்டு, அந்நியச் செலாவணியில் கட்டினால் பல கார்டுகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை கட்டணம் சேர்க்கும். 40,000 ரூபாய்க்கு 1,400 வரை. விலை ஒப்பிடும்போது இதையும் கூட்டுங்க. இந்திய ரூபாயிலேயே கணக்கு முடிக்கும் தளத்தில் இந்தக் கட்டணம் வராமல் போகலாம்.

மூன்று, அங்கே கார்டு தேய்க்கும்போது இயந்திரம் "ரூபாயிலா, ரிங்கிட்டிலா?"ன்னு கேட்கும். ரூபாய் என்றால் நமக்குப் பழகிய கணக்கு என்று கை போகும். ரிங்கிட்டை அழுத்துங்க. ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அந்தப் பக்கமே போட்டுவிடும், அது பொதுவாக நமக்கு நஷ்டம்.

நாலு, பல ஹோட்டல்கள் செக்-இன் போது வைப்புத்தொகை பிடிக்கும். கிரெடிட் கார்டு என்றால் தொகையை நிறுத்தி வைத்துப் பிறகு விடுவார்கள். டெபிட் கார்டு என்றால் கணக்கிலிருந்தே போய், திரும்பி வரப் பல நாள் ஆகலாம். அப்பாவின் ஒரே டெபிட் கார்டை அங்கே நீட்டாதீங்க.

திரையில் தெரியும் விலையும் கடைசி விலை அல்ல. மலேசியாவில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு ரூமுக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. பெரும்பாலும் கவுண்டரில் கேட்பார்கள். எங்கள் இரண்டு ரூம், நாலு இரவுக்கு 80 ரிங்கிட். சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி.-யும் தனி என்று அர்த்தம். 200 வெள்ளி ரூம் 239.80 வெள்ளியில் முடியும்.

எந்த இரவு உங்கள் இரவு?

இது திருச்சியில் ஏறுகிறவர்களுக்கு முக்கியம். இரவு 11.50-க்கு விமானம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. நாலு மணி நேரப் பறப்பு, இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே இறங்கும்போது மறுநாள் காலை 6.20. ஹோட்டலில் ரூம் கொடுப்பது மதியம் 2 அல்லது 3 மணிக்கு. நண்பர்கள் என்றால் பெட்டியை வைத்துவிட்டு ஊர் சுற்றப் போய்விடலாம். ராத்திரி முழுக்கத் தூங்காத அப்பா அம்மாவை எட்டு மணி நேரம் லாபியில் உட்கார வைக்க முடியாது.

இரண்டு வழி இருக்கு. சீக்கிரம் ரூம் தர முடியுமா என்று ஹோட்டலிடம் முன்பே எழுதிக் கேட்பது ஒன்று. இல்லையென்றால் முந்தின இரவிலிருந்தே ரூம் போடுவது. இரண்டாவதைச் செய்தால் "நாங்கள் மறுநாள் காலை ஏழு மணி வாக்கில் வருவோம்"ன்னு கட்டாயம் எழுதித் தெரிவிங்க. தெரிவிக்காவிட்டால் அன்று இரவு வராதவர் கணக்கில் சேர்த்து முழு புக்கிங்கையும் ரத்து செய்துவிட வாய்ப்பு உண்டு.

விசா, குடிநுழைவு விஷயத்திலும் ரூம் முக்கியம். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்பணும், அதில் தங்கும் முகவரி கேட்பார்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிட ஆதாரமே வேணும். அதற்குப் போலி புக்கிங் பேப்பர் தயாரித்துத் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் போகாதீங்க. இலவச ரத்து உள்ள உண்மையான ரூமைப் போட்டாலே போதும்.

இரண்டாவது தடவை

நாங்கள் அந்த வருஷம் மே மாதம் போனோம். கோடையில் வயல் சும்மா கிடந்தது, மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருந்தது. இந்த முறை ரூமை நான் இப்படிப் போட்டேன். தளத்தில் தேடிப் பகுதியை முடிவு செய்தேன். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ். இறங்கினால் நம்ம ஊர் சாப்பாடு, அங்கிருந்தே பத்துமலைக்கு நேர் ரயில். மூன்று ஹோட்டலைக் குறித்துக்கொண்டு மூன்றுக்கும் நேரடியாக மெயில் போட்டேன். அம்மாவின் முழங்கால், காலை 7 மணி வருகை, பக்கத்துப் பக்கத்து ரூம், தேதி மாறினால் என்ன செய்வீர்கள் என்று நாலே கேள்வி. ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் பொதுவான பதில் அனுப்பினார். மூன்றாமவர் நாலு கேள்விக்கும் வரிசையாகப் பதில் எழுதினார். தளத்தைவிட இரவுக்கு 200 ரூபாய் கூடத்தான். அங்கேயே போட்டேன்.

காலை ஏழே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு ரூம் தயாராக இருந்தது. இன்னொன்று பத்து மணிக்குக் கிடைத்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எவ்வளவு தம்பி?"ன்னார். சொன்னேன். மனசுக்குள் அதை மூட்டைக் கணக்கில் போட்டிருப்பார். கொஞ்ச நேரம் கழித்து, "போன தடவை போன காசையும் சேர்த்தா?"ன்னார். நான் அதை அவரிடம் சொன்னதே இல்லை. அம்மா சொல்லியிருக்கிறார்.

"அது போகட்டும். மழைக்கு யார் என்ன பண்ண முடியும்?"ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டார்.

மழைக்கு ஒண்ணும் பண்ண முடியாதுதான். ரூமுக்குப் பண்ணலாம். அடுத்த முறை பட்டனை அழுத்தும் முன்னே மூணு விஷயம் மட்டும் பாருங்க: விற்கிறவர் யார், ரத்துக்குக் கடைசி நேரம் எது, பிரச்சினை வந்தா போனை எடுக்கப்போறது யார். மூணுக்கும் பதில் தெரிஞ்சா எந்த வழியில் போட்டாலும் சரிதான்.

நீங்க உங்க அப்பா அம்மாவை முதல் தடவையா வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போன அனுபவம் இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.